காற்றோடு மிதந்து தூண்டில் போடுவது: வன்னிக் குளத்தில் ஒரு முழு நாள்

ஊருக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகளையும், யாழ்ப்பாணத்தில் இருந்து வார இறுதியில் வரும் நண்பர்களையும் குளத்துக்குக் கூட்டிப் போய்ப் பழகியவன் நான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தூண்டிலைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்தது இரை, அப்புறம் மீன் எந்தப் பக்கம் நிற்கும் என்று. காற்று எங்கிருந்து வருகிறது என்று இதுவரை ஒருவரும் முதலில் கேட்டதில்லை. நாளைக் கெடுப்பதும் அதுதான், நாளைக் கொடுப்பதும் அதுதான்.

இங்கே நான் சொல்லும் முறையில் நங்கூரம் இல்லை, மோட்டாரும் இல்லை. சவளால், அதாவது துடுப்பால், வலித்துக் காற்றுக்கு எதிராக மேலே போய், அங்கிருந்து வள்ளத்தைக் காற்றின் போக்கில் மெல்ல மிதக்கவிட்டு, போகிற வழியெல்லாம் தூண்டிலால் குளத்தைத் தேடுகிறோம். திலாப்பியா கூட்டம் கூட்டமாகத் திரியும் மீன், இன்று நின்ற இடத்தில் நாளை நிற்காது. ஒரே இடத்தில் குந்தியிருப்பதைவிட மிதந்து தேடுவது பலன் தரும், சத்தமும் இல்லை.

1. மாதமும் காற்றும்

மாசி, பங்குனி இரண்டும்தான் புதியவர்களுக்கு ஏற்ற மாதங்கள். மாரி மழையில் நிரம்பிய குளம் அதற்குள் தெளிந்துவிடும், வாடைக்காற்றின் வேகமும் குறைந்திருக்கும். மார்கழி, தை விடியற்காலைகளில் தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாகக் கிடக்கும், வெயில் ஏறி ஒன்பது மணி ஆகாமல் பெரிதாக ஒன்றும் கடிக்காது. அந்த மாதங்களில் போவதென்றால் அதிகாலையில் அவசரப்படத் தேவையில்லை.

சித்திரையில் காலை அருமையாக இருக்கும், பிற்பகலில் இடி மின்னலோடு மழை கட்டும். மதியம் ஒரு மணிக்குள் கரையில் இருக்கவேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். பரந்த தண்ணீரில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் உங்கள் தலையும் தூண்டில் தடியும்தான். ஐப்பசி இடிமழைக்கும் இதே கணக்கு.

வைகாசிக்குப் பிறகு சோழகம். காலையில் குளம் கண்ணாடி போல் கிடக்கும், பத்து மணிக்கெல்லாம் தென்மேற்கில் இருந்து பிடித்துத் தள்ளும். இரணைமடுக் குளத்தில் கட்டு, அதாவது அணை, வடக்குப் பக்கம், தண்ணீர் தெற்கே கனகராயன் ஆறு வந்து சேரும் பக்கமாக விரிந்து கிடக்கிறது. ஆகவே சோழகத்தில் அலை முழு நீளமும் ஓடி வந்து கட்டின் கல்லில் அடிக்கும், உங்கள் வள்ளமும் அங்கேதான் போகப் பார்க்கும். வாடையில் நேர்மாறு. கட்டில் இருந்து அலைகரைப் பக்கம், அதாவது பட்ட மரக்கட்டைகளும் முதலையும் உள்ள பக்கம், இழுத்துப் போகும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் என்று எந்தக் குளமாக இருந்தாலும் முதலில் கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு அந்த மாதத்துக் காற்று எந்தத் திசை என்று பாருங்கள். இரண்டையும் பொருத்தினால் அன்றைய பாதை பாதி தெரிந்துவிடும்.

2. முதல் நாளே முடிக்கவேண்டியவை

அனுமதிதான் முதலாவது. குளத்து மீன் அங்கேயுள்ள நன்னீர் மீனவர் சங்கத்துக் குடும்பங்களின் சாப்பாடு. நன்னீர் மீன் வளர்ப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான நக்டா மீன்குஞ்சு விடுவதும் அவர்களை நம்பித்தான். சங்கத்து ஆட்களிடம் நேரில் போய்க் கேளுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரையே வள்ளத்தோடு கூலிக்கு அழையுங்கள். குளத்தின் அடியில் எங்கே கட்டை கிடக்கிறது, எங்கே பழைய வரம்பு இருக்கிறது என்பது அவருக்குக் கைரேகை மாதிரித் தெரியும்.

கேட்கும்போதே வலை எங்கே விட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மாலையில் விட்ட வலையை விடிய எடுப்பார்கள். அவர்கள் எடுத்து முடிக்கும்வரை நீங்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது. மிதக்கிற வள்ளத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, தூண்டில் முள் போய் வலையில் கொழுவினால் ஒரு மனுசனின் ஒரு கிழமை உழைப்பு கிழிந்து போகும். ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகைத் துண்டு, வெற்றுப் போத்தல் வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது என்று அர்த்தம்.

இனிச் சாமான்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நீச்சல் தெரிந்தவருக்கும் சேர்த்து. ஐஸ் போட்ட ரிஜிபோம் பெட்டி. இரண்டு சவள், ஒன்று தவறி விழுந்தால் மற்றது. தண்ணீர் அள்ளி ஊற்ற வாய் வெட்டிய கலன். சின்னக் கத்தி, குறடு, தொப்பி, முழுக்கைச் சட்டை. குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றராவது வேண்டும், வெயில் மேலே இருந்து ஒரு தரம், தண்ணீரில் பட்டுக் கீழே இருந்து ஒரு தரம் சுடும். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். வீட்டில் ஒருவரிடம் எந்தக் குளம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, இது பலர் மறக்கும் சாமான்: ஒரு பழைய 20 லீற்றர் பெயின்ற் வாளி. அடியில் விரல் பருமனில் நாலைந்து துளை போட்டு, கைபிடியில் நாலு மீற்றர் கயிறு கட்டுங்கள். கைபிடி பலமில்லை என்றால் விளிம்பில் மூன்று துளை போட்டுக் கயிற்றைப் பிரித்துக் கட்டலாம். இதுதான் உங்கள் பிரேக். ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

3. தூண்டில் கட்டுவது

வீட்டிலேயே கட்டி முடியுங்கள். ஆடும் வள்ளத்தில் புதியவர் முடிச்சுப் போடத் தொடங்கினால் அரை மணி நேரம் போகும், விரலிலும் முள் ஏறும்.

திலாப்பியாவுக்கு வாய் சின்னது. 8 அல்லது 10ஆம் இலக்க முள், 0.25 மில்லிமீற்றர் தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், போதும். இங்கே ஒரு குழப்பம் வரும்: சாதாரண முள்ளில் இலக்கம் கூடக்கூட முள் சின்னதாகும். அது தெரியாமல் பெரிய மீனுக்கு என்று 12ஆம் இலக்கம் வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விராலுக்கு 1/0 அல்லது 2/0 முள்ளும் 0.40 தங்கூசியும் வேண்டும், செடிக்குள் இருந்து இழுத்து எடுக்கவேண்டும் அல்லவா.

முடிச்சு: தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, நுனியைத் தாய் நூலில் ஐந்து ஆறு சுற்றுச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் உண்டான வளையத்துக்குள்ளும், அதனால் உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுக்கவேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த தங்கூசி உரசும்போது சூடாகிப் பலம் இழக்கும், மீன் அறுத்துக்கொண்டு போகிற முடிச்சுகளில் பெரும்பாலானவை உலர்ந்தபடி இறுக்கியவைதான்.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரு சின்ன ஈயம், அதற்கு மேலே நகர்த்தக்கூடிய தக்கை. ஈயத்தைக் கூட்டவேண்டாம். மிதக்கும் வள்ளம் இரையை மெல்ல இழுத்துப்போகவேண்டும், பாரம் கூடினால் இரை அடியில் படிந்து கட்டையில் கொழுவும். ஆளுக்கு மூன்று செட் கட்டிப் பழைய புத்தக அட்டையில் சுற்றி எடுத்து வாருங்கள், இரண்டு கட்டைக்குப் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரை

கோதுமை மாவைக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு இறுக்கிப் பிசையுங்கள், பிசையும்போது பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துச் சேருங்கள். பஞ்சு நார் இல்லாத மா ஒரு நிமிடத்தில் கரைந்து போகும், நீங்கள் வெறும் முள்ளோடு அரைக் குளத்தைக் கடந்துவிடுவீர்கள். உருண்டை கடலை அளவு போதும்.

மண்புழு எல்லா மீனுக்கும் சரி. வாழையடியில் ஈரமண்ணில் தோண்டி, அதே மண்ணோடு துளை போட்ட பேணியில் நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்த புழு பத்து மணிக்குச் செத்து நாறும். வேறு குளத்து மீனை உயிரோடு இரைக்குக் கொண்டுவரவேண்டாம், தப்பினால் இந்தக் குளத்தில் பெருகிவிடும்.

5. கரையில் நின்று முடிவிடத்தைக் குறிப்பது

இந்தப் பத்து நிமிடத்தை யாரும் ஒதுக்குவதில்லை. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எங்கே தொடங்குவது என்று யோசிக்க முன், எங்கே முடிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

கட்டில் ஏறி நின்று மரக்கிளை, தண்ணீரின் சுருக்கம், தூரத்துப் புகை மூன்றையும் பாருங்கள். காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் கரை எது? அங்கே இறங்க முடியுமா? துருசுக்கு, அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகுக்கு, பக்கமாக இருந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், கீழே உறிஞ்சும். மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வான் கதவுப் பக்கமும் அப்படியே, வான் பாய்கிற நாட்களில் குளத்தில் வள்ளமே இறக்கவேண்டாம்.

முடிவிடத்தைக் கட்டுக்கு நூறு மீற்றர் முன்னால் வையுங்கள், ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாக எல்லோருக்கும் காட்டுங்கள். அது நேரே வந்ததும் தூண்டிலைச் சுற்றிவிட்டுச் சவளை எடுக்கவேண்டும், அந்த நேரம் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

பழக்கமில்லாத கரையில் இறங்கி நடக்கவேண்டாம். வன்னியில் கண்ணிவெடி எச்சரிக்கைக்கு மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையை இன்னும் சில இடங்களில் காண்கிறோம். தூண்டிலில் இரும்பு ஏதாவது கொழுவி வந்தால் வள்ளத்துக்குள் ஏற்றாமல் நூலை அறுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு 119 பொலிஸ் இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

6. ஏறுவதும் இருப்பதும்

எங்கள் குளங்களில் பெரும்பாலும் பக்கக்கட்டை, அதாவது கவிழாமல் இருக்க ஒரு பக்கத்தில் கட்டிய மிதவைக் கட்டை, வைத்த சின்ன பைபர் வள்ளம்தான். இரண்டு பேர் வசதியாக, மூன்று பேர் கவனமாக. நாலாவது ஆளைக் கரையில் விடுங்கள், அவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

ஒருவர் ஒருவராக, குனிந்து, இரண்டு விளிம்பையும் பிடித்து நடுவில் கால் வைத்து ஏறுங்கள். உட்கார்ந்த பிறகு எழும்பக்கூடாது. முதல் மீன் இழுக்கும்போது புதியவர்கள் தங்களை அறியாமல் எழுந்து நிற்பார்கள், வள்ளம் கவிழ்வது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

பக்கக்கட்டை வள்ளத்தில் இன்னொரு பயம். கட்டை இருக்கும் பக்கம் சாய்ந்தால் அது மிதந்து தாங்கும். மறுபக்கம் எல்லோரும் சாய்ந்தால் கட்டை தண்ணீரை விட்டு எழும், எழுந்ததும் பிடிமானமே இல்லை. மீன் எடுக்கும்போது ஒருவர் எட்டினால் மற்றவர் கட்டைப் பக்கம் சாயவேண்டும். ஏறும்போதே இதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

7. காற்றுக்கு எதிராக மேலே போவது

கடினமான வேலை முதலில். காலையில் உடம்பில் பலம் இருக்கிறது, காற்றும் எழும்பவில்லை, அந்த நேரத்தில் மேலே வலித்துவிட்டால் மிச்ச நாள் காற்று உங்களுக்கு வேலை செய்யும். மாறிச் செய்கிறவர்கள், அதாவது இறங்கிய இடத்திலேயே மிதக்கத் தொடங்கி மத்தியானம் களைத்துப்போய்க் காற்றுக்கு எதிராகத் திரும்பி வலிக்கிறவர்கள், கையில் கொப்புளத்தோடு வேறு கரையில் ஏறி மூன்று மைல் நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் மிதக்கப்போகும் பாதையின் நடுவால் வலிக்கவேண்டாம். முப்பது நாற்பது மீற்றர் விலகிப் போங்கள், சவள் விளிம்பில் தட்டாமல் பாருங்கள். தெளிந்த குளத்தில் அந்தச் சத்தத்துக்கே கூட்டம் கலையும்.

8. வாளியை இறக்கி மிதப்பது

மேலே வந்ததும் பக்கக்கட்டை காற்று போகும் பக்கமாக இருக்கும்படி வள்ளத்தைக் குறுக்கே திருப்புங்கள். தூண்டில் எல்லாம் காற்று வரும் பக்கத்தில் விழவேண்டும். வள்ளம் நகர நகர நூல் உங்களை விட்டு விலகிப் பின்னால் நீளும். காற்று போகும் பக்கத்தில் போட்டால் வள்ளம் நூலின் மேலேயே ஏறும், நூல் கீழே மாட்டும், பக்கக்கட்டையிலும் சுற்றும்.

இப்போது வாளி. காற்று வரும் பக்கத்தில் வள்ளத்தின் நடுவில், ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். வாளி தண்ணீரைப் பிடித்து இழுக்க, வள்ளத்தின் ஓட்டம் அடங்கும். ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீற்றர் நகர்ந்தால் சரியான வேகம். அதற்கு மேல் போனால் இரை மேலே எழும்பி இழுபடும், திலாப்பியா துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல, வந்ததை மெல்ல உறிஞ்சுகிற மீன். வேகம் கூடினால் இரண்டாவது வாளி, காற்றே இல்லை என்றால் வாளியை எடுத்துவிட்டு இடைக்கிடை சவளால் ஒரு தள்ளு.

தக்கையை வைக்கும் உயரம்: முதலில் நூல் நுனியில் பாரமான ஈயம் கட்டி ஆழம் பாருங்கள், பிறகு இரை அடியில் இருந்து ஒரு அடி மேலே நிற்கும்படி தக்கையை நகர்த்துங்கள். குளத்து அடி சமமில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்க்கவேண்டும். தக்கை படுத்துக் கிடந்தால் இரை அடியில் படிந்துவிட்டது, குறையுங்கள்.

முதல் மீன் கடித்த உடனே ஒரு போத்தலில் நூலும் கல்லும் கட்டி அந்த இடத்தில் போடுங்கள். கூட்டம் அங்கேதான் நிற்கிறது. முடிவிடம்வரை போய், விலகி மேலே வலித்து, அதே போத்தலைக் குறிவைத்துத் திரும்ப மிதந்து வாருங்கள். போத்தலைப் போக முன் எடுத்துவிடுங்கள்.

வெயில் ஏறப் பத்து மணியளவில் கடி குறையும். அப்போது ஆழம் கூடிய பக்கம் ஒரு தரம் மிதந்து பார்த்துவிட்டு, கரையேறிப் புட்டும் சம்பலும் சாப்பிட்டு நிழலில் படுங்கள். காற்று ஒத்து வந்தால், சித்திரை, ஐப்பசி அல்லாத மாதங்களில், மூன்றரை மணிக்கு மறுபடி.

9. மீன் கடித்ததும்

தக்கை துடிக்கும்போது இழுக்காதீர்கள். அது சாய்ந்து ஓடத் தொடங்கியதும் மணிக்கட்டை மட்டும் நிமிர்த்துங்கள், கையை முழுவதும் வீசினால் சின்ன வாய் கிழியும்.

திலாப்பியாவின் முதுகுச் செட்டை முள் கையைக் குத்தும். தலைப் பக்கமிருந்து வால் பக்கமாக உள்ளங்கையால் வழித்துச் செட்டையைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். கெளிறு, சுங்கான் என்ற மீசை மீன்கள் வந்தால் கையே வைக்கவேண்டாம். குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள், இல்லை நூலை அறுங்கள். அவற்றின் பக்கச் செட்டை முள்ளில் நஞ்சு இருக்கிறது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி தணியும், வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி. தேத்தண்ணிக்குப் போத்தலில் சுடுதண்ணீர் கொண்டு போவதில் இப்படியும் ஒரு பயன் உண்டு.

பிடித்த மீனைக் கயிற்றில் கோர்த்து வள்ளத்தின் பக்கத்தில் தொங்கவிடுகிற பழக்கத்தை விடுங்கள். துடிக்கிற மீனும் இரத்த வாடையும் முதலையைக் கூப்பிடும். நேரே ஐஸ் பெட்டிக்குள் போடுங்கள், காலைத் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள், கைகழுவக் குனியாமல் கலனில் அள்ளிக் கழுவுங்கள்.

விராலைத் தாமரை ஓரங்களிலும் புல் விளிம்பிலும் தேடவேண்டும். அது மேலே வந்து காற்றுக் குடிக்கும், அந்தக் குமிழைப் பார்த்து இரண்டு மீற்றர் தள்ளிப் போடுங்கள். ஆனால் தண்ணீரின் மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் பந்து மாதிரித் திரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன, இரண்டையும் பிடிப்பது மிகவும் சுலபம், பிடித்தால் அந்தக் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

10. காற்று மாறினால், கட்டையில் மாட்டினால்

ஒரு சித்திரையில் என்னோடு வந்த வள்ளக்கார அண்ணை கிழக்கே ஒரு மேகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நூலைச் சுத்து, காத்து திரும்பப் போகுது" என்றார். எனக்கு நல்ல கடி, இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் அலை பக்கவாட்டில் அடித்து வள்ளத்தில் கால்வாசி தண்ணீர். காப்பாற்றியது அவர் வாளியின் கயிற்றை நடுவில் இருந்து அவிழ்த்து அணியத்தில், அதாவது முன்பக்கம், கட்டியதுதான். வாளி முன்னால் இழுக்க வள்ளத்தின் மூக்கு அலையைப் பார்த்துத் திரும்பியது, அப்புறம் தண்ணீர் ஏறவில்லை, நான் இறைத்தேன்.

அவர் செய்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தூண்டிலைச் சுற்று, வாளியை முன்னுக்கு மாற்று, எல்லோரும் கீழே தட்டில் இரு, தண்ணீரை இறை, அடங்கியதும் கிட்டவுள்ள கரைக்கு வலி. புறப்பட்ட இடத்துக்கே போகவேண்டும் என்று அடம் பிடிக்கவேண்டாம்.

தூண்டில் கட்டையில் மாட்டினால் தடியை வளைத்து இழுக்காதீர்கள், ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். நூலைத் துணியால் கையில் சுற்றி நேராக இழுத்து அறுங்கள். அதற்காக ஒருபோதும் தண்ணீரில் இறங்கவேண்டாம்.

11. கரையேறிய பிறகு

ஐந்தரைக்குள் எல்லாம் கட்டி வண்டியில் ஏறிவிடுங்கள். பொழுதுபட யானை தண்ணீருக்கு வரும், அலைகரைப் பாதையும் கட்டுப் பாதையும் அதன் பாதைகள்.

உள்ளங்கையை விடச் சின்ன மீன் எதையும் பெட்டியில் வைத்திருக்கக்கூடாது, அதைப் பிடித்த இடத்திலேயே விட்டிருக்கவேண்டும். மீன் வெட்டுவதென்றால் தண்ணீர் ஓரத்தில் வேண்டாம், தள்ளி வெட்டிக் குடலைப் புதையுங்கள். அறுந்த தங்கூசியை ஒரு துண்டும் விடாமல் பொறுக்குங்கள், கொக்கின் காலில் சுற்றினால் அது கழற்ற முடியாமல் சாகும்.

காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து கட்டுங்கள். அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் குளத்தில் நின்றதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலா என்று அவர் பார்க்கவேண்டும்.

குளத்து மீனின் மண்வாடைக்கு, துண்டு போட்டு உப்பும் பழப்புளியும் பிரட்டி அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் போதும். ஆனால் அதற்கு முன், வள்ளக்காரருக்குக் கூலியோடு பெட்டியில் உள்ளதில் பெரிய மீன் இரண்டை எடுத்துக் கொடுத்து, நாளைக்கு வலை எந்தப் பக்கம் விடுகிறார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.